ஏழுக்கு நாலு

சேரம்பாடியில் கொழுந்து நிறுக்கிறவன் நான்.
மழை நாளில் மூட்டைக்கு இரண்டு கிலோ
தண்ணீருக்கென்று கழித்து எழுதுவேன்.
தராசைப் பற்றிக் கொஞ்சம் தெரியும்.
ஆளையும் ஒருமுறை நிறுத்திருக்கிறார்கள்,
அதுவும் தெரியும்.

இரண்டு நாடுகள். சண்டை கிடையாது.
மேசை விரிப்பு, பேனா, அநேகமாக நல்ல தேநீர்,
எங்கள் மலையில் பறித்ததாகவே இருக்கும்.
கோப்பை காலியானபோது கணக்கும் முடிந்திருந்தது:
ஏழு பேர் இந்தப் பக்கம், நாலு பேர் அந்தப் பக்கம்.

வீட்டில் நாங்கள் ஆறு பேர்.
ஆறை ஏழுக்கு நாலாகப் பிரிக்க முடியாது.
என்றாலும் பிரித்தார்கள்.
புருஷன் அங்கே மனுப் போட்டிருந்ததால்
அக்கா சிலம்பாயி நாலில் விழுந்தாள்.
நான் ஏழில்.
ஒன்பது வயது. கோச்சி நகர்ந்தபோது
அவள் கை என் சட்டைப் பித்தானைப் பிடித்திருந்தது.
பித்தான் அங்கேயே தங்கிவிட்டது.
அதற்காவது பிரஜாவுரிமை கிடைத்திருக்கும்.

இங்கே எனக்குப் பெயர் சிலோன்காரன்.
அங்கே அவளுக்குப் பெயர் இந்தியாக்காரி.
இரண்டு நாடும் இத்தனை வருஷமாக எங்களை
மற்றதன் பெயரால்தான் கூப்பிடுகின்றன.
பாதி வேலை முடிந்த மாதிரிதானே?

மச்சான் செத்தபோது
பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்குமாக இருபத்திரண்டு நாள்.
பாடையை போனில் பார்த்தேன்.
லயத்தைத் தாண்டும்போது சிக்னல் போய்விட்டது.

அன்றிலிருந்து வாதாடுகிறேன்,
எடைக்கொட்டகையில், டீக்கடையில், பஸ் வராத இடத்தில்:
நட்பாய் உட்கார்ந்து பிரிக்க முடிந்ததென்றால்
நட்பாய் உட்கார்ந்து சேர்க்கவும் முடியும்.
அதே மேசை போதும்.
மை மட்டும் புதிதாக ஊற்றிக்கொள்ளலாம்.
கணக்கர் வர்கீஸ் சிரிக்கிறார்:
"சோலாடி செக்போஸ்ட்டில என் தக்காளியையே
இறக்கிப் பார்க்கிறான். நீங்க கடலைத் தாண்டுறீங்க."

ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் சொன்னேன்.
திரையில் மூட்டம்,
அவள் மலையினதா என்னுடையதா தெரியவில்லை.
ஒரே நாடு, ஒரே காசு,
நினைத்த அன்றைக்குக் கப்பலேறி
உன் வாசலில் வந்து நிற்பேன்.

அவள் நெடுநேரம் பேசவில்லை.
"சேர்றதுன்னா எது எதுக்குள்ளடா?
சின்னக் கூடையைப் பெரிய மூட்டையில கொட்டினா
யாரு பேருல எழுதுவ?"

இரண்டையும் புதுச் சாக்கில் கொட்டி
புதுப் பேர் போடுவோம் என்றேன்.

"எழுதுறவன் அப்படித்தான் சொல்லுவான்" என்றாள்.
"பக்கத்துக் காம்பராவுல குசுமாவதி இருக்கா.
இவருக்கு மூச்சு முட்டின ராத்திரி
மழையில ஓடிப்போய் வண்டி கொண்டாந்தது அவ.
அவளைக் கேட்டியா?
நம்மளைக் கேக்காமப் பிரிச்சாங்கன்னு
இத்தனை வருஷம் அழுவுற.
அவளைக் கேக்காமச் சேர்ப்பியா?"

தராசு முள் ஆடாமல் நின்றது.
ஏழையும் எண்ணியிருந்தேன், நாலையும் எண்ணியிருந்தேன்.
ஏழிலும் நாலிலும் இல்லாதவளை எண்ணவே இல்லை.

சரி, போனை அவகிட்டக் கொடு.

குசுமாவதி வந்தாள்.
நரைத்த கொண்டை, கயிறு கட்டிய கண்ணாடி.
அவளுக்குத் தமிழ் கொஞ்சம் வரும்.
என் சிங்களமோ ஒன்பது வயதில் நின்றுபோனது:
தண்ணீர், பந்து, ஓடு, அடிக்காதே.
இவற்றை வைத்து ஒரு நாட்டை விளக்க முடியாது.
அடிக்காதே என்பதை மட்டும்
எங்காவது சேர்த்துக்கொள்ளலாம்.

நான் திணறுவதைப் பார்த்து அவள்தான் கேட்டாள்:
"மழைத் தண்ணிக்கு அங்க எவ்வளவு வெட்டுறது?"

ரெண்டு கிலோ.

"இங்கயும்!" என்று
ரெண்டு விரலைத் திரைக்குள் நீட்டிச்
சத்தமாய்ச் சிரித்தாள்.
கொழுந்துக் கறை, என் பக்கத்துப் பெண்களுடையதைப் போலவே,
நகக்கண்ணில் கறுப்பாக.

மீதியை அடுத்த ஞாயிறு பேசுவதாக இருக்கிறோம்.
இங்கே வெட்டுகிறவன் நான்தானென்று
அதற்குள் அக்கா அவளிடம்
சொல்லாமல் இருக்க வேண்டும்.